நாலு வயதில் தலைக்குக் கரண்ட் வைத்தது முப்பத்தேழு வயதில் சர்க்கரையைக் கொண்டுவருமா?

நூல்கண்டு (கரூர்)

வணக்கம். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 1992இல், நாலு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் வைத்தியம். அதில் தலைக்குக் கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். அதற்குப் பிறகு நோய் எட்டிப் பார்க்கவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆயிற்று. அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதுகூட இல்லை.

போன மாதம் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி 6.1. டிரைகிளிசரைடு 238, நல்ல கொழுப்பு 34. ரத்த அழுத்தம் 134/86. தைராய்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தார்கள், 3.1, அது சரியாம். உயரம் 146 செ.மீ., எடை 52 கிலோ. பார்ப்பவர்கள் என்னை ஒல்லி என்றுதான் சொல்வார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் ஐந்து மாதம். டேப் வைத்து அளந்தால் 89 செ.மீ. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். முதலில் மறுத்துக்கொண்டிருந்தேன், இப்போது உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் சர்க்கரை கிடையாது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. காபிக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்கிறார், அவருக்கு 94தான் வருகிறது.

எங்கள் தெரு மருத்துவரிடம் பழைய வைத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். "முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சோற்றைக் குறையுங்கள்" என்றார். குறைக்கிற அளவுக்கு என் தட்டில் சோறு இருந்தால்தானே.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. ஒன்பது வயதிலேயே பெரியவளாகிவிட்டேன். நாலாம் வகுப்பில், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு உயரப்படி நிறுத்தினால் வரிசையில் நான் கடைசி. பத்தாம் வகுப்பில் நான்தான் முதல் ஆள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போதே என் காதைத் தொடுகிறாள்.

பழைய ஃபைலை அப்பா மஞ்சள் பையில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்தார். அட்டையில் "எம்.சி.பி. 841" என்று எழுதியிருக்கிறது. உள்ளே வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், டானோரூபிசின், பிரட்னிசலோன், முதுகில் போட்ட மெத்தோட்ரெக்சேட் என்று வரிசையாக மருந்துகள். ஒரு தாளில் "கிரேனியல் ஆர்.டி. 1800 சி.ஜி.ஒய்., 10 ஃபிராக்‌ஷன்."

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கரண்டுக்கும் இப்போது வந்திருப்பதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டென்றால் எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? மறுபடி புற்றுநோய் மருத்துவமனைப் படியேறுவதா என்று அம்மா இப்போதே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.


வைகறை நடை

சகோதரி, பயப்படாதீர்கள். இரவு வெந்தயம் ஊறவைத்து விடியற்காலையில் அந்தத் தண்ணீரைக் குடியுங்கள். அரிசியை விட்டு வரகு, சாமைக்கு மாறுங்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடை. என் சர்க்கரை 180இலிருந்து 120க்கு வந்தது. மருந்தே வேண்டாம்.


நூல்கண்டு

நன்றி அண்ணா. வெந்தயத் தண்ணீர் எங்கள் வீட்டில் எல்லோரும் குடிக்கிறோம். நான் கேட்டது கரண்டைப் பற்றி.


கோபால்ட் தாத்தா (மதுரை)

அம்மா, கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் உங்கள் ஃபைலில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்ல முடியும்.

கிரே என்பது உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு. 1800 சென்டிகிரே என்றால் 18 கிரே. இன்னும் பழைய ஃபைல்களில் "ராட்" என்று இருக்கும், அதுவும் இதே அளவுதான். பத்துத் தடவையாகப் பிரித்து, ஒரு நாளைக்கு 180. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டு வாரம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கோபால்ட் மெஷின்தான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு வலப்பக்கமிருந்து பாதி, இடப்பக்கமிருந்து பாதி. நெற்றியிலும் காதோரத்திலும் வயலட் மையால் கோடு போட்டு, குளிப்பாட்டும்போது அழித்துவிடாதீர்கள் என்று அம்மாக்களிடம் கெஞ்சுவோம். நாலு வயதுக் குழந்தை அசையாமல் கிடக்குமா? மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் உள்ளே கொண்டுவருவார்கள். கோபால்ட்டின் வீரியம் ஐந்தே கால் வருடத்தில் பாதியாகிவிடும். சோர்ஸ் பழசாகப் பழசாக, அதே 180ஐக் கொடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். கடைசி வருடங்களில் குழந்தை விழித்துவிடுமோ என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கதிர் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குச் சாவி. மண்டையோடு முழுவதும், கீழே கழுத்தின் இரண்டாவது எலும்பு வரை பட்டிருக்கும். முகத்தையும் கண்ணின் முன்பகுதியையும் ஈயக்கட்டி வைத்து மறைத்திருப்பார்கள். மற்றச் சுரப்பிகளை ஏவும் பிட்யூட்டரிச் சுரப்பியும், அதற்கு மேலே இருந்து அதை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியும் மண்டையின் நட்டநடுவில் இருக்கின்றன. இரண்டு பக்கக் கதிரும் சந்திக்கும் இடம் அது, முழு 18 கிரேயும் அங்கே போயிருக்கும். தைராய்டு இன்னும் கீழே இருப்பதால் சிதறல் கொஞ்சம்தான் பட்டிருக்கும். கணையம் இருக்கும் வயிற்றுப் பக்கமே கதிர் வரவில்லை. ஆகவே உங்கள் சர்க்கரைக்குக் கரண்ட் காரணம் என்றால், அது கணையத்தைச் சுட்டதால் வந்ததாக இருக்க முடியாது. மேலே, தலைக்குள்ளிருந்து வந்திருக்க வேண்டும். மற்றதை மருத்துவர் யாராவது வந்து சொல்லட்டும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1960களில் இந்த நோய்க்கு மருந்து கொடுத்தால் ரத்தம் சுத்தமாகும், சில மாதத்தில் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் நோய் திரும்ப முளைக்கும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் என்பவரின் குழுதான், அந்தப் பத்தாண்டின் கடைசியில், நோய் திரும்புவதற்கு முன்பே தலைக்கு 24 கிரே வைத்து முதுகிலும் மருந்து போட்டது. பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அதற்கு முன் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பின்விளைவுகள் தெரியத் தெரிய 24ஐ 18 ஆக்கினார்கள், பிறகு 12. இப்போது மருந்தையே வலுவாகக் கொடுத்து, பெரும்பாலான குழந்தைகளுக்குக் கரண்டே வைப்பதில்லை. கரண்டை அடியோடு விட்டுவிட்டு நல்ல பலன் கண்டதை அதே செயின்ட் ஜூட் 2009இல் வெளியிட்டது. உங்கள் அட்டையில் உள்ள 841, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து நம் நாட்டுக்கென்று வகுத்த வைத்தியத் திட்டம். மும்பை, டெல்லி, சென்னை மூன்று இடத்திலும் நடந்தது. 1992இல் உங்களுக்கு வைத்த 18 கிரே அன்றைக்குச் சரியான வைத்தியம். யாரும் யாரையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை.


சுரப்பியல் (கோயம்புத்தூர்)

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். என்ன சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். மேலே ஐயா எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது.

நூல்கண்டு, உங்கள் மருத்துவர் தேவையில்லை என்று தள்ளிய விஷயத்தில்தான் விடை இருக்கிறது. பள்ளிக்கூட வரிசையையே எடுத்துக்கொள்வோம். 18 முதல் 24 கிரே வரை தலையில் பட்ட பெண் குழந்தைகள் சீக்கிரமே பூப்படைவது நன்றாகத் தெரிந்த விஷயம். பூப்பை அடக்கி வைத்திருக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் சரசரவென்று உயரம் கூடும், நாலாம் வகுப்பில் கடைசியில் நின்றது அதனால்தான். ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். கதிர்வீச்சு முதலில் அடிப்பது பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனை. அது அப்போதே குறைந்திருந்தாலும், பூப்பு தந்த உயரத்தில் அது மறைந்துபோயிருக்கும். பிள்ளை நன்றாகத்தானே வளர்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் எதற்கு என்று கேட்கலாம். உயரம் நின்ற பிறகும் அதற்கு வேலை உண்டு. கொழுப்பைக் கரைப்பதும் தசையைக் காப்பதும் அதன் பொறுப்பு. அது இல்லாவிட்டால் குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரும், கை கால் சதை வற்றும், டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாது. குச்சிக் கையும் ஐந்து மாத வயிறும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைத்தான் நினைத்தேன். இன்னொரு பக்கம், கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் "போதும்" என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஹைப்போதலாமஸ். தலையில் கதிர் பட்ட பெண்களுக்கு லெப்டின் அதிகமாகவே இருந்தும் அந்தச் சொல் எடுபடுவதில்லை.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. உங்களுக்கு 24.4. வெள்ளைக்காரர் கணக்கில் இது சரி. நமக்கு வரம்பு 23. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சுற்றளவு, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று தவறினாலே வளர்சிதைமாற்றக் கோளாறு என்போம். உங்களுக்கு ஐந்தும் தவறியிருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் கரண்ட் மேல் போட மாட்டேன். அமெரிக்காவில் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை 1994 முதல் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஒப்பிடுவதற்கு அவர்களுடைய கூடப் பிறந்தவர்களையே சேர்த்துக்கொண்டார்கள், அது நல்ல யோசனை. உடல் பருமன் தெளிவாகக் கூடியது 20 கிரேக்கு மேல் பெற்றவர்களுக்கு, அதிலும் ஐந்து வயதுக்குள் வைத்தியம் நடந்த பெண்களுக்கு. நீங்கள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. மேலும், 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தலையில் கரண்ட் படாதவர்கள்தான் அவர்களில் அநேகமாக எல்லோரும். ஆனாலும் குடும்பத்தில் சர்க்கரை இல்லாதது, உயரம், சீக்கிரம் பூப்படைந்தது, உடலின் அமைப்பு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்போது பார்க்காமல் விடக் கூடாது.

டி.எஸ்.எச். 3.1 என்பதோடு நிறுத்தாதீர்கள். அது தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. பிட்யூட்டரியே மந்தமாக இருந்தால் டி.எஸ்.எச். ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும், எனவே தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் அளவில் இது பழுதாவது அபூர்வம், 30 கிரேக்கு மேல்தான் வழக்கம், ஆனாலும் சின்னச் செலவு. வளர்ச்சி ஹார்மோன் ஏவி உடம்பில் உண்டாகும் ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள். குறைவாக வந்தால் அது துப்பு. சரியாக வந்தால் நிம்மதி அடைய முடியாது, கதிர் பட்டவர்களுக்கு ஹார்மோன் குறைந்திருந்தும் அது சரியாகவே வரலாம். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் மூன்று மாதச் சராசரி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

டானோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தக்கூடியது. அந்த மருந்தைப் பெற்றவர்களுக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடாது, பெருகும். 134/86ஐ அலட்சியம் செய்யாமல் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எனக்கு உங்கள் சர்க்கரையைவிட இதில்தான் அக்கறை.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு: நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம், அந்த ஃபைலோடு. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதாக அம்மா நினைக்க வேண்டியதில்லை. அதே சமயம் சில பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மீண்டவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மும்பை டாடா புற்றுநோய் மருத்துவமனையில் 1991 முதல் நடக்கிறது.


மெலிந்தவன்

நான் வேறு கட்சி. ஒன்பது வயதில் எலும்பு மஜ்ஜை மாற்று. அதற்கு முன் உடம்பு முழுவதற்கும் கரண்ட், 12 கிரே, மூன்று நாளில் ஆறு தடவை. எனக்கு வயிறே கிடையாது, 48 கிலோ. இருபத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. "இவ்வளவு ஒல்லியாக இருப்பவருக்கா?" என்று கேட்காத மருத்துவர் இல்லை. வெறும் வயிற்றில் பார்த்தால் எப்போதும் 95, 98. அதனால் பல வருடம் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் குளுக்கோஸ் குடிக்கச் சொன்னார், இரண்டு மணி நேரத்தில் 243.

தோலுக்கடியில் இருக்க வேண்டிய கொழுப்பு எனக்குச் சில இடங்களில் சுத்தமாக இல்லை. பின்பக்கம் வெறும் எலும்பு. கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலியில் பந்திக்குக் காத்திருப்பது எனக்குத் தண்டனை, மடித்த துண்டைப் போட்டுத்தான் உட்காருவேன். கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் ஈரலில் போய்ச் சேர்கிறது என்று எனக்கு விளக்கினார்கள். ஸ்கேனில் ஈரல் கொழுப்பு இரண்டாம் நிலை. அக்கா, உங்கள் மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். என்னைச் சாப்பிடச் சொல்லித் துரத்துகிறார்கள்.


சுரப்பியல்

மெலிந்தவன் சொல்வது அப்படியே உண்மை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் உடம்பு முழுவதும் கதிர் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய், கூடப் பிறந்தவர்களைவிட ஏழு மடங்கு. வயிற்றுக்குப் பெற்றவர்களுக்கு இரண்டரை மடங்குக்கு மேல். எடையைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படித்தான். அதனால்தான் எடை பார்க்கும் மெஷினை நம்பி இவர்களை விட்டுவிடக் கூடாது என்று சொல்கிறோம். வயிற்றுக்கோ உடம்பு முழுவதற்குமோ கதிர் பெற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டி நெறி. நம் ஊரில் வருடம் ஒருமுறை பார்க்கலாம் என்பது என் கட்சி.


ஆடிப்பட்டம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு மூன்று வயதில் இடது சிறுநீரகத்தில் கட்டி, வில்ம்ஸ் என்றார்கள். சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் 10.8 கிரே வைத்தார்கள். இப்போது பதினான்கு. கால்பந்து விளையாடுகிறான், ஒரு குறையும் இல்லை. கணையம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கும் பட்டிருக்குமா?


கோபால்ட் தாத்தா (மதுரை)

பட்டிருக்க வாய்ப்பு உண்டு அம்மா. கணையத்தின் தலை வலப்பக்கம், வால் இடப்பக்கம். வால் போய் முடியும் இடம் மண்ணீரலை ஒட்டி, இடது சிறுநீரகத்துக்கு முன்னால். இடது விலாப்புறத்துக்குக் கதிர் வைத்தால் வாலைத் தவிர்ப்பது பழைய முறையில் கடினம். வலது பக்கம் என்றால் கதை வேறு. மருத்துவமனையில் திட்டத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.


சுரப்பியல்

இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அந்த வாலில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பிரான்சிலும் பிரிட்டனிலும் மீண்ட 2,520 பேரை வைத்து 2012இல் வந்த ஆய்வில், வாலுக்கு 10 கிரேக்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து சுமார் பதினோரு மடங்கு என்று கண்டார்கள். மடங்கைப் பார்த்து மிரளாதீர்கள். அது இளம் வயதில் அபூர்வமாக இருக்கும் ஒன்றின் மடங்கு, அதுவும் வருவதென்றால் பெரும்பாலும் வளர்ந்த பிறகு. பையன் விளையாடட்டும். வருடம் ஒரு தடவை சர்க்கரையோடு ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பாருங்கள், ஒற்றைச் சிறுநீரகம் அல்லவா. வலி மாத்திரைகளை வாங்கித் தாராளமாகக் கொடுக்காதீர்கள்.


நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. திருச்சியில் ஒரு சுரப்பி மருத்துவரைப் பார்த்தேன். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் சொன்னார், முப்பது வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல.

ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. ரத்தசோகை இல்லை. எக்கோ நன்றாக இருக்கிறது. குளுக்கோஸ் குடித்த பிறகு 171. ஐ.ஜி.எஃப்-1 என் வயதுக்குரிய கீழ் வரம்புக்கும் கீழே. அடுத்ததாக இன்சுலின் ஊசி போட்டு, சர்க்கரையை இறக்கி, வளர்ச்சி ஹார்மோன் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். அந்த ஊசி ஆபத்தா? சின்ன வயதில் வைத்தியம் நடக்கும்போது எனக்கு வலிப்பு வந்ததாக அம்மா சொல்வார். ஹார்மோன் ஊசி தினமும் போட வேண்டி வந்தால் சர்க்கரையும் சரியாகிவிடுமா?


சுரப்பியல்

வலிப்பு வந்ததை அந்த மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். இன்சுலின் பரிசோதனையில் சர்க்கரையை வேண்டுமென்றே தாழ்வுக்குக் கொண்டுபோவார்கள். பக்கத்தில் ஆள் வைத்துச் செய்தால் மற்றவர்களுக்குப் பயமில்லை. வலிப்பு வந்தவர்களுக்கு அதைச் செய்ய மாட்டோம். பதிலாக, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஊசி போட்டு, மூன்று நான்கு மணி நேரம் விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்.

ஹார்மோன் ஊசியால் சர்க்கரை சரியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். வயிற்றுக் கொழுப்பு குறையும், தசை கூடும். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிர்வேலையும் செய்யும், ஆரம்பத்தில் சர்க்கரை சற்று ஏறக்கூடும். உங்களுக்கு 171 இருப்பதால் முதலில் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, மிகக் குறைந்த அளவில் தொடங்குவதுதான் முறை. தொடங்குவதற்கு முன் தலைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. வேண்டும். கதிர் பட்ட மண்டையில் பல வருடம் கழித்து மெனிஞ்சியோமா என்ற கட்டி வரலாம், அது இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் ஊசியில் கை வைப்போம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கைக்கும் காலுக்கும் எடை தூக்கும் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாம், அதற்கு எந்த ரிப்போர்ட்டும் வர வேண்டியதில்லை. நடை மட்டும் உங்களுக்குப் போதாது.

குளுக்ககான் என்று முடிவானால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் போங்கள். குமட்டல் இருக்கும், சிலருக்கு வாந்தியும் வரும். முடிந்ததும் நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும், சர்க்கரை தாமதமாகத் தாழக்கூடும். கரூருக்குத் தனியாக பஸ் ஏற வேண்டாம், கணவரையோ அப்பாவையோ கூட்டிப்போங்கள்.